அந்தப் பூசாரி வைத்தியம்

என் தொழில் மொழிபெயர்ப்பு. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து எங்கள் மாவட்டத்து ஆட்களிடம் எதையாவது கேட்க விரும்பினால், நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் நான் இருப்பேன். கண்ணிவெடி அகற்றியவர்களுக்கும், வலை கொடுத்தவர்களுக்கும், கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும், அந்தக் கோழிகள் ஏன் செத்தன என்று விசாரிக்க வந்தவர்களுக்கும் நான்தான் வாய். ஒவ்வொரு நிறுவனமாகத் திருகோணமலை அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனபோது எனக்கு மிஞ்சியவை அவர்களுடைய சின்னம் பொறித்த நாலைந்து தொப்பிகளும் ஒரு குடையும்தான்.

அப்படிச் சும்மா இருந்த நாளில்தான் சிஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது. சிஸ்டர் ஒரு கன்னியாஸ்திரி. துறைமுகப் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் சிறுபிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றை நடத்துகிறவர்.

"தம்பி, ரெண்டு ஜெர்மன்காரர் வருகினம். மூண்டு மாதம் நிப்பினம். பிள்ளையளுக்கு வைத்தியம் செய்யிறவை. நீங்கள் வந்து நிண்டு கதைச்சுத் தரவேணும்."

"என்ன வைத்தியம், சிஸ்டர்?"

அந்தப் பக்கம் கடிதம் விரியும் சத்தம் கேட்டது. பிறகு, கல்லுப் பொறுக்குவதைப் போல ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். "அந்-த்ரோ-பொ-சொ-ஃபி."

இரவுச் சாப்பாட்டின்போது இதை மனைவியிடம் சொன்னேன். அவள் பிரதேச செயலகத்தில், பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறாள். எந்தப் பெயரையும் இரண்டாம் தரம் கேட்காமல் எழுதிப் பழகியவள்.

"அந்தப் பூசாரியோ? எந்தப் பூசாரி?" என்றாள்.

"பூசாரி இல்லை. அந்த்ரோபொசொஃபி."

"அதைத்தானே நானும் சொன்னனான்."

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக, மாதா கோயில் மண்டபத்தில் ஒரு பூசாரி வந்து பிள்ளைகளுக்குப் பார்வை பார்த்து மந்திரிக்கப் போகிறார் என்ற கதை பரவிவிட்டது. சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர், சேவலும் கொண்டுபோக வேண்டுமா என்று என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சிஸ்டருக்குத்தான் பெரிய சங்கடம். பங்குத்தந்தையிடம் போய் ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாராம்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிறுபிள்ளை வைத்தியர், அறுபது வயதிருக்கும். மண்டபத்து வாசல்நிலையைவிட ஒரு சாண் உயரம். உள்ளே வரும்போதெல்லாம் குனிந்துதான் வரவேண்டும். அவர் தங்களுக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துத் தாய்மாரும் எழுந்து குனிவார்கள். அவர்கள் குனிவதைப் பார்த்து, இங்கே அதுதான் வழக்கம் என்று நினைத்து அவர் இன்னொரு தரம் குனிவார். மூன்று மாதமும் இப்படியே நடந்தது. யாரும் யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. நானும்தான்.

மற்றவர் ஒரு பெண்மணி. ஊதா நிறத்தில் நீளப் பட்டு உடுப்பு, கட்டையாக வெட்டிய நரைமுடி. கையசைவுகளால் பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்கிறவர். இரண்டாம் நாளே பிள்ளைகள் அவருக்குக் 'கை மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் டொக்டர் தாய்மாருக்குத் தங்கள் வைத்தியத்தைப் பற்றி விளக்கினார். தாங்களும் எல்லா டொக்டர்மாரையும்போலப் படித்துவிட்டு வந்தவர்கள்தான், தேவையென்றால் குளிசையும் ஊசியும் உண்டு, ஆனால் மனிதன் என்பவன் கண்ணுக்குத் தெரிகிற உடம்பு மட்டும் இல்லை என்றார். அதற்குப் பிறகு வந்த சொற்களை நான் எந்தக் கோழிப் பண்ணையிலும் மொழிபெயர்த்ததில்லை. அரை நிமிடம் மேற்கூரையைப் பார்த்துவிட்டு, "மனிசருக்கு நாலு உடம்பு இருக்காம்" என்றேன்.

முன்வரிசையில் இறக்கக்கண்டியிலிருந்து வந்த ஒரு தாய் மடியில் பிள்ளையோடு இருந்தார். "ஒரு உடம்புக்கே உடுப்புத் தோய்ச்சு முடியேல்லை, தம்பி" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று டொக்டர் ஆவலோடு கேட்டார். அவர் ஒத்துக்கொள்கிறார் என்று சொன்னேன். என் தொழிலில் இது பொய் என்று கணக்கில்லை.

பிரச்சினை கேள்விகளில் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு டொக்டர் என்றால், நாக்கை நீட்டச் சொல்லி, முதுகில் குழாயை வைத்து, மருந்துத் துண்டு எழுதிக் கையில் தருகிறவர். இவரோ ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தார். வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு எதைத் தின்ன ஆசை வந்தது? பிள்ளை முதலில் நடந்ததா, கதைத்ததா? உப்புப் பிடிக்குமா, புளிப்புப் பிடிக்குமா? கனவு காணுமா? நித்திரையால் எழும்பும்போது சிரிக்குமா, சினக்குமா? சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் கொப்பியோடு உட்கார்ந்து இவ்வளவு கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுத்திட்டம், அதாவது யாரோ இலவசமாக வீடு கட்டித் தரப்போகிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வந்த ஒரு தாய் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை ராத்தா என்று கூப்பிடுவேன். ஐந்து வயது மகன் சாப்பிடுகிறான் இல்லை என்பது அவருடைய முறைப்பாடு. டொக்டர், பிள்ளை இரவில் எப்படித் தூங்குகிறான் என்று கேட்டார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதுகிறவருக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வீட்டில ஆறு பேர். ஒரு அறைதான் இரிக்கி. மலசலகூடம் இரிக்கி, கதவில்ல. கூரை தகரம்."

நான் அவசரத்தில் தகரத்தை ஆங்கிலத்தில் 'ரின்' என்று சொல்லிவிட்டேன், வெள்ளீயம் என்ற உலோகத்துக்கும் அதுதான் பெயர். டொக்டரின் பேனை நின்றது.

"பிள்ளை ரின்னுக்குக் கீழேயா படுக்கிறான்? பிறந்ததிலிருந்தா?"

ராத்தா ஓம் என்றார். டொக்டர் கை மிஸ்ஸின் பக்கம் திரும்பி ஜெர்மன் மொழியில் வேகமாக ஏதோ சொன்னார். இருவர் முகத்திலும் வெளிச்சம். அவர்களுடைய வைத்தியத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் உலோகம் உண்டாம், ஒவ்வோர் உலோகத்துக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டாம். ரின் வியாழனுக்குரியது, வியாழன் ஈரலுக்குரியது, ஈரல் பசிக்குரியது. ஆகவே பிள்ளை சாப்பிடாததற்கும் தகரத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று அவர் யோசித்தார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கி, "வியாழன்" என்ற இடத்துக்கு வந்தேன்.

"வியாழக்கிழமையா? எத்தின மணிக்கு?" என்றார் ராத்தா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை டொக்டர் குனிந்து உள்ளே வந்தபோது, மண்டபத்தில் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் எழுந்து குனிந்தார்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்ரிக் கோவை. காணி அனுமதிப்பத்திரம், கிராம சேவகரின் கடிதம், குடும்ப அட்டை. சிலர் போனில் கூரைப் படத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். டொக்டர் நல்ல மனிதர். ஒவ்வொரு கூரையையும் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆறாவது கூரையில் அவருடைய முகம் கவலைப்பட ஆரம்பித்தது. இந்தப் பிரதேசம் முழுவதும் ரின்னுக்குக் கீழேயா வாழ்கிறது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவரை யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், நிலையத்துக் குசினியின் கூரையைக் காட்டினேன். இதைத்தான் நாங்கள் தகரம் என்போம், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் துருப்பிடித்த அந்தக் கூரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து, 'ரின்' என்பதை வெட்டிவிட்டு, "இரும்பு. செவ்வாய்" என்று எழுதினார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்தால் செவ்வாய்க்கிழமையும் வருவார்கள்.

இது வீட்டுத்திட்டம் இல்லை என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப என்னத்துக்குக் கூரையைக் கேட்ட நீங்க?"

"அவர் கேக்கேல்லை, ராத்தா. நீங்களாத்தான் சொன்னீங்கள்."

அவர் கோவையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். பிறகு பின்னால் திரும்பி, "சரி, வந்ததோட வந்தம், புள்ளயளக் காட்டிட்டுப் போவம்" என்றார். பிள்ளைகளைக் கொண்டுவராதவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார்கள். அன்றிலிருந்து மண்டபத்தில் ஒரு நாளும் இடம் காலியாக இருக்கவில்லை.

டொக்டர் எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் நிலத்தில் உட்கார்ந்து அதன் இரண்டு பாதங்களையும் கைக்குள் எடுத்துப் பிடித்துப் பார்ப்பார். உடம்பில் சூடு சரியாகப் பரவியிருக்கிறதா என்பதைப் பாதம் சொல்லும் என்பார். கொஞ்சம் குளிர்ந்திருந்தால் கம்பளிக் காலுறை. அவருடைய ஊரில் சில அம்மாமார் பின்னிக் கொடுத்ததாம், ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். வெயிலில் தார் இளகுகிற எங்கள் வீதியில் கம்பளிக் காலுறையோடு பிள்ளைகள் நடந்தார்கள். ஏழு நாள், ஒரு கிழமைதான். பிறகு இறக்கக்கண்டிப் பக்கம் போனபோது, இரண்டு தகப்பன்மார் அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டு வலை இழுப்பதைக் கண்டேன். கயிறு வெட்டாதாம். டொக்டரும் கண்டார். அவர்களுடைய கைகள் சூடாக இருப்பதில் தனக்குச் சந்தோஷம் என்றார்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நிலையத்துக்கு வந்து என்னோடு நிற்பாள். அவளுக்கு மாதம் ஒரு முறையாவது காதுக்குத்து வந்து வலியில் துடிப்பாள். டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மருந்து தேவைப்படுகிற அளவுக்கு இல்லை என்றார். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, சற்றே சூடாக்கி, காதின் மேல் வைத்துத் தொப்பி போட்டுவிடச் சொன்னார்.

வேலையால் வந்த மனைவி, குசினியில் நான் கண்ணீர் வடிய வெங்காயம் வெட்டுவதைப் பார்த்தாள். பிறகு கதிரையில் தலையில் பொட்டலத்தோடும், எனது பழைய கண்ணிவெடித் தொப்பியோடும் இருந்த மகளைப் பார்த்தாள்.

"என்ன, பிள்ளையைத் தாளிக்கப் போறீங்களோ?"

"இது அவையின்ர வைத்தியம்."

"அப்ப கறிவேப்பிலையை ஏன் விட்டனீங்கள்?"

மகளுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கழற்ற மாட்டேன் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாளில் காதுக்குத்து நின்றது. முன்பும் இரண்டு நாளில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் முன்பெல்லாம் அவள் அழுதுகொண்டே அந்த இரண்டு நாளையும் கழிப்பாள். வெங்காயம் வந்த பிறகு அழுதது நான் மட்டும்தான்.

கை மிஸ்ஸின் சிகிச்சை இன்னும் விசித்திரமானது. ஒவ்வோர் ஒலிக்கும் உடம்பில் ஓர் அசைவு உண்டாம். 'ஆ' என்றால் இரண்டு கைகளும் விரியும். 'ஓ' என்றால் யாரையோ கட்டிப்பிடிப்பதுபோல வளையும். 'ஈ' என்றால் ஒரு கை மேலே, ஒரு கை கீழே நீளும். மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு ஓர் ஒலி, ஓடித் திரிகிற பிள்ளைக்கு ஓர் ஒலி என்று தெரிந்தெடுத்துத் திரும்பத் திரும்பச் செய்விப்பார். தங்கள் மொழி ஒலிகளைவிடப் பிள்ளைகளின் சொந்த மொழி ஒலிகள்தான் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று கேட்டார். நான் யோசிக்காமல் 'வாழைப்பழம்' என்றேன். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக சிஸ்டர் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி மேசையில் வைத்தார்.

வா வந்தது. ழை வந்தபோது கை மிஸ் நின்றார். "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். இது 'பள்ளி' என்ற சொல்லில் வருகிற அதே ஒலிதானே என்றார். இல்லை, வேறு என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையசைத்தார். அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்தது வாளைப்பளம். வாளை மீனில் காய்த்த ஏதோ ஒரு பழம். மொழியை வைத்துச் சோறு தின்கிற எனக்கு ழகரம் வாயில் இல்லை என்பது நாற்பது வயதுக்கு மேல் தெரியவந்தது.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ழ எண்டு ஒருக்காச் சொல்லும்."

"என்ன?"

"வாழைப்பழம் எண்டு சொல்லும். அவசரம்."

"இஞ்ச சனம் வரிசையில நிக்குது. வாளைப்பளம். போதுமோ?"

சிஸ்டர், தான் இந்தியாவில் படித்தவள், தனக்கு வரும் என்றார். அவர் சொன்னது 'வாயப்பயம்' என்று கேட்டது. வாயைக் கண்டு பயப்படுகிற நோய்போல இருந்தது. எனக்கும் சிஸ்டருக்கும் எது சரி என்று வாக்குவாதம் முற்றியது. கை மிஸ் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து எங்கள் இருவர் வாய்க்கும் முன்னால் மாறி மாறிப் பிடித்தார்.

மூலையில் ராத்தா ஒரு கோப்பையில் சோறு பிசைந்து மகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நாக்க மேல மடிச்சுக் கொண்டுபோங்க. மேல தொடப்படாது. தொட்டா அது வேற எழுத்து" என்றார். பிறகு அமைதியாகச் சொன்னார். "வாழைப்பழம்."

அந்த மண்டபத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒரு வாழைப்பழம் கேட்டது.

அவர் வீட்டில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறவர். "ஒவ்வொரு எழுத்தும் வாயில எங்க பொறக்குதெண்டு தெரியாம ஓத ஏலாது, தம்பி. தமிழுக்கு மட்டும் அது தேவையில்லயா?" என்று கேட்டார். எங்களை வரிசையில் நிற்கவைத்தார். டொக்டர், கை மிஸ், சிஸ்டர், நான். ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். டொக்டருக்கு இரண்டாம் தரத்திலேயே ழ வந்துவிட்டது. ராத்தா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். சிஸ்டருக்கு நாலாம் தரத்தில் வந்தது. எனக்கு வரவில்லை.

"நீங்க வீட்ட போய்ப் பாடமாக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றார் ராத்தா. என் மகள் நிலத்தில் விழுந்து சிரித்தாள்.

விளக்கும்போது ராத்தாவின் கை நாக்கைப்போல வளைந்து, பின்னோக்கி மடிந்து, எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கை மிஸ் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான், இதுதான்" என்றார். அப்படித்தான் ழகரத்துக்கு ஒரு கை கிடைத்தது. உலகத்தில் வேறு எங்கேயாவது அதைச் செய்கிறார்களோ தெரியாது. எங்கள் மண்டபத்தில் இருபது பிள்ளைகள் செய்தார்கள்.

இந்த அமளி அடங்கித் திரும்பிப் பார்த்தபோது, சாப்பிடாத பிள்ளை கோப்பைச் சோற்றையும் முடித்து, சீப்பில் நாலு பழத்தையும் முடித்திருந்தான். டொக்டர் வியந்துபோய், எப்படிச் சாப்பிட்டான் என்று ராத்தாவிடம் கேட்டார்.

"ஆரும் பாக்கல்ல. அதான்" என்றார் ராத்தா. டொக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் திரும்பிப் போவதற்கு ஒன்றரைக் கிழமை இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டர் எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கெண்டைக்காலில் சுற்றச் சொன்னார். நிறையக் குடிக்கக் கொடுங்கள், ஆனால் இது டெங்குக் காலம், இரத்தம் பார்க்காமல் விடவேண்டாம் என்றும் சொன்னார். பார்த்தோம். மூன்றாம் நாளும் பெரிதாக ஒன்றும் இல்லை, நாளைக்கும் வந்து பாருங்கள் என்றார்கள். அடுத்த நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடியப்பம் அவிக்கப் போனாள். இனி எதற்கு இரத்தம் என்று நானும் இருந்துவிட்டேன்.

டொக்டர் நிலையத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். குனிந்து வந்தார், நிலத்தில் உட்கார்ந்தார், மகளின் பாதங்களைக் கைக்குள் எடுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் கூச்சத்தில் காலை இழுப்பாள். அன்றைக்கு இழுக்கவில்லை. டொக்டர் பாதத்தை விடவில்லை. பிறகு விரல் நுனிகளைத் தொட்டார். நாடியைப் பிடித்தார்.

"கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்?" என்று கேட்டார். ஒன்றரை மணித்தியாலம் கேள்வி கேட்கிற மனிதர் அன்றைக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

நான் திரும்பி மனைவியிடம் கேட்டேன். "நேற்றுப் பின்னேரம்" என்றாள். அந்தப் பதிலை நான் ஆங்கிலத்தில் சொன்னதும், அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "ஆஸ்பத்திரி. இப்போதே" என்றார். அதை மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தபோது மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு வாசலில் நின்றாள்.

ஓட்டோவில் டொக்டரின் முழங்கால்கள் அவருடைய காதுக்கு நேரே இருந்தன. மடியில் என் மகள். அவர் ஒரு கையால் அவளுடைய இரண்டு பாதங்களையும் மூடிப் பிடித்திருந்தார். ஓட்டோக்காரர் கேட்ட வழியைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னாள்.

உள்ளே கொண்டுபோனவுடன் சேலைன் ஏற்றினார்கள். மணிக்கு மணி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். பின்னேரம் தாதி ஒருவர் வந்து, "நல்ல நேரத்தில கொண்டு வந்திட்டீங்கள். காய்ச்சல் விட்டது எண்டு நம்பிக் கனபேர் வீட்டில வைச்சிருக்கிறவை. டெங்குவில அப்பதான் கவனம்" என்றார். கை கால் குளிர்வதைக் கண்டது யார் என்று கேட்டார். வெளியே வேப்பமரத்துக்குக் கீழே, யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று நின்றுகொண்டிருந்த நெட்டை உருவத்தைக் காட்டினேன்.

இரண்டாம் நாள் மகள் கண்ணை நன்றாகத் திறந்து, ஐஸ்கிறீம் கேட்டாள். மனைவி வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள், டொக்டர் அன்றும் அங்கேதான் நின்றார். நானும் பின்னால் போனேன். டொக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும், அதற்குச் சரியான சொற்களை நான் ஆங்கிலத்தில் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். மனைவி எனக்காகக் காத்திருக்கவில்லை. இடியப்பப் பொட்டலத்தை அவருடைய கையில் திணித்து, "டொக்டர், யூ ஈற்" என்றாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். சம்பலின் உறைப்பில் அவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவளுக்கும் ஓடியது, அவள் சம்பல் சாப்பிடவில்லை. எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் கை மிஸ் வந்தார். பிள்ளைகள் வார்ட் முழுக்க டெங்கு. பிள்ளைகளுக்கெல்லாம் வாழைப்பழம் சொல்லிக்கொடுத்தார். ஒரு கையில் ஊசி ஏறியிருந்ததால் எல்லோரும் ஒரு கையால்தான் செய்தார்கள். அரைவாசி வாழைப்பழம். மூன்று கட்டில் தள்ளி ஒரு பையன் ஆர்வத்தில் மற்றக் கையையும் தூக்கி ஊசியைக் கழற்றிக்கொண்டான். தாதி வந்து கை மிஸ்ஸை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

மகளைத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட அதே காலைதான் அவர்கள் இருவரும் கொழும்பு பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் ஸ்ராண்டுக்குப் போனோம். சிஸ்டர் வந்திருந்தார். ராத்தா முதல் பஸ்ஸில் வந்து, ஒரு பெட்டி மஸ்கெற் இனிப்புக் கொடுத்தார். மகள் ஓட்டோவுக்குள்ளேயே இருந்தாள், நிற்க இன்னும் பலம் வரவில்லை. கண்டக்டர் ஏறச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பிரியும் நேரத்தில் நான் நல்லதாக ஏதாவது பேசவேண்டும் என்று சிஸ்டர் கண்ணால் காட்டினார். நானும் ஆரம்பித்தேன்.

"அப்பா, மான்" என்றாள் மகள்.

எங்கள் நகரத்தில் மாடு நிற்கும் இடமெல்லாம் மானும் நிற்கும். பஸ் ஸ்ராண்டில் கடலைச் சுருளும் வாழைத் தோலும் தின்று வளர்ந்தவை. அவற்றில் ஒன்று ஓட்டோவின் மற்றப் பக்கத்தால் தலையை நீட்டி, இருக்கையில் கிடந்த நோய் விபர அட்டையைக் கவ்வியிருந்தது. எந்தெந்த நாள் என்ன ஏற்றினார்கள், எப்போது திரும்ப வரவேண்டும், எல்லாம் அதில்தான் இருந்தது. அரைவாசி ஏற்கனவே உள்ளே போய்விட்டது.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். மான் ஓடியது. மூதூர் பஸ்ஸைச் சுற்றி ஒரு தரம், பழக்கடையைச் சுற்றி ஒரு தரம். நான் குடையோடு மற்றப் பக்கத்தால் மறித்தேன். ராத்தா அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கத்தி வழிகாட்டினார். மகள் ஓட்டோவுக்குள் கைதட்டினாள். மனைவி கடைசியில் மானின் வாயிலிருந்து ஒரு துண்டை இழுத்தெடுத்து உயர்த்திக் காட்டியபோது, கொழும்பு பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் யன்னலில் இரண்டு முகங்கள் ஒட்டியிருந்தன. கையசைத்தார்களா, சிரித்தார்களா என்று தூரத்தில் தெரியவில்லை.

மகளையும் மனைவியையும் வீட்டில் விட்டுவிட்டு, ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனேன். எழுதுமேசையில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள விழுந்ததோ?"

"இல்லை. மான்."

"எங்க?"

"பஸ் ஸ்ராண்டில."

அவர் ஆச்சரியப்படவில்லை. லாச்சியிலிருந்து புதிய அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அங்க நிக்கிறது எல்லாத்தையும் திங்கும். போன கிழமை ஒராளின்ர காணி உறுதிப் பத்திரம்" என்று சொல்லிவிட்டு, பேனை மூடியைக் கழற்றி, மகளின் பெயரைக் கேட்டார்.